நாலு மணிக்கு ஒரு கைப்பிடி

சர்க்கரை நோயோடு வாழ்கிறவருக்குச் சாப்பாட்டு நேரத்தைவிடச் சோதனையான நேரம் ஒன்று உண்டு. அது மாலை நாலு மணி. மதியம் சாப்பிட்டது செரித்திருக்கும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் நெடுநேரம் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீட்டுக்கு வீடு காபிக்குப் பால் பொங்குகிற நேரம் அது. காபியோடு ஒரு சின்னத் தட்டும் வரும். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

மூன்று வேளைச் சாப்பாட்டை மருத்துவரும் உணவு ஆலோசகரும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். மாத்திரைக்கும் அரசு வழி செய்திருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் அதில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. திட்டத்தின் ஒரு கோடியாவது பயனாளிக்கு 2022 டிசம்பரில் மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது திருச்சி மாவட்டத்தில்தான். ஆனால் நாலு மணித் தட்டைக் குறித்து யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: “நான் ஸ்வீட்டைத் தொடறதே இல்லை, டாக்டர்.” அது பெரும்பாலும் உண்மையும்கூட. இனிப்பைத் தொடுவதில்லை. முறுக்கையும் பிஸ்கட்டையும் தொடுகிறார்கள்.

இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்தக் கவலை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து மாநிலம் மாநிலமாகச் சென்று எண்ணின. 2023-இல் வெளியான முடிவின்படி 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13 கோடியே 60 லட்சம். தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு நோய் இருக்கிறது. தெருவில் ஏழு பேர் எதிரே வந்தால் அதில் ஒருவருக்கு இருக்கும் என்று கணக்கு.

இனி அந்தத் தட்டு. முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வயதுவந்த ஒருவர் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் சோதித்துச் சர்க்கரை 100 என்று வந்தால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். 5 லிட்டருக்கும் சேர்த்துப் பார்த்தால் 5 கிராம். தலையிலிருந்து கால் வரை ஓடும் ரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை ஒரு டீஸ்பூன் அளவுதான். 126-ஐத் தொட்டால் நீரிழிவு என்று சொல்கிறோமே, அந்த அளவில்கூட மொத்தம் ஆறு கிராமும் சொச்சமும்தான். நலமாக இருப்பதற்கும் நோயாளியாக இருப்பதற்கும் நடுவில், வெறும் வயிற்றுக் கணக்கில், நிற்பது ஒன்றரைக் கிராமுக்கும் குறைவான சர்க்கரை.

இந்த ஒரு டீஸ்பூனைக் கூடாமல் குறையாமல் வைத்திருக்க உடம்பு இடைவிடாமல் வேலை செய்கிறது. கடையில் வாங்கும் ஒரு லட்டில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கும். கடலைமாவில் உள்ள மாவுச்சத்து தனி. அதைச் சாப்பிட்டதும் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசையும் கல்லீரலும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் தாமதமாக வருகிறது, அல்லது போதவில்லை, அல்லது வந்தும் தசைகள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பெரும்பாலோருக்கு மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். எனவே உணவிலிருந்து குளுக்கோஸ் எவ்வளவு வருகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் பெரிய விஷயமாகிவிடுகிறது. மெதுவாக வந்தால், தாமதமாக வரும் இன்சுலினாலும் ஓரளவு சமாளிக்க முடியும்.

இந்த வேகத்தை அளக்க முதலில் ஒரு அளவுகோல் செய்தவர் டேவிட் ஜென்கின்ஸ். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1981-இல் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 62 உணவுப் பொருள்களை எடுத்து, தொண்டர்களைச் சாப்பிடவைத்து, இரண்டு மணி நேரம் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். தனிக் குளுக்கோஸ் சாப்பிட்டால் ஏறும் ஏற்றத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளுக்கு எண் கொடுத்தார்கள். அதுதான் இன்று பாக்கெட்டுகளில்கூட அச்சாகும் கிளைசீமிக் குறியீடு.

அந்த முதல் பட்டியலை ஸ்ரீரங்கத்துத் தட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதில் வெள்ளை அரிசிச் சோற்றுக்கு 72. நாம் பயந்து ஒதுக்கும் சீனிக்கு 59. சீனி மூலக்கூறில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் நேராக ரத்தச் சர்க்கரையாக ஏறுவதில்லை, கல்லீரலுக்குப் போகிறது. அரிசியின் மாவுச்சத்தோ முழுக்க முழுக்க குளுக்கோஸ் சங்கிலி. வாயில் எச்சில் பட்டதுமே அது அறுபடத் தொடங்கிவிடுகிறது. அதற்காகச் சீனி நல்லது என்று ஆகிவிடாது. கல்லீரலுக்குப் போகும் ஃபிரக்டோஸ் அங்கே கொழுப்பாக மாறி வேறு வகையில் தொல்லை தரும். ஆனால் நாக்கில் இனிக்கவில்லை என்பதால் ரத்தத்திலும் இனிக்காது என்ற நம்பிக்கை தவறு. அது நிறையப் பேரைக் கெடுக்கிறது.

திருச்சிக்காரர்களுக்கு இது கொஞ்சம் வலிக்கும் செய்தி. நாற்பது கிலோமீட்டர் தள்ளி மணப்பாறை இருக்கிறது. அந்த ஊர் முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரிசி மாவு, எள், ஓமம், ஊர்த் தண்ணீரின் உப்புச் சுவை, இரண்டு முறை எண்ணெயில் போடும் பக்குவம் எல்லாம் சேர்ந்த அந்த நொறுநொறுப்பு பெருமைப்பட வேண்டிய கைத்தொழில். ரயில் மணப்பாறையில் நின்றால் வாங்காமல் வருவது சிரமம். எனினும் அதன் எடையில் பாதிக்கு மேல் அரிசி மாவுச்சத்து. எண்ணெயில் பொரிந்ததால் செரிப்பது கொஞ்சம் தாமதப்படும், அவ்வளவுதான். மாரி பிஸ்கட்டைப் பாருங்கள். ‘சுகர்காரர்களுக்கு அதுதான் ஏற்றது’ என்று எப்படியோ ஒரு பேச்சு பரவிவிட்டது. அதன் எடையில் முக்கால் பங்கு மைதாவும் சர்க்கரையும். காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதில் நாலு பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுகிறவர், வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஜென்கின்ஸின் பட்டியலில் கடைசியில் நின்ற பொருள் எது? வேர்க்கடலை. அதற்கு 13.

காரணம் எளிது. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு. மாவுப்பொருள் 16 கிராம்தான், அதிலும் பாதி நார்ச்சத்து. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் சாப்பிட்டால், குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேரக்கூடியது 3 கிராமுக்கும் குறைவு. பாதாமும் வால்நட்டும் இதே ஜாதி. முந்திரியில் மட்டும் மாவுப்பொருள் சற்று அதிகம், 100 கிராமுக்கு 30 கிராம். அதுவும் பிஸ்கட்டோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை.

ஏற்றாமல் இருப்பது ஒன்று, கூடச் சாப்பிடும் மற்றதன் ஏற்றத்தைக் குறைப்பது இன்னொன்று. ‘நட்ஸ்’ எனப்படும் இந்தப் பருப்பு வகை இரண்டையும் செய்கிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து சில ஹார்மோன்கள் கிளம்புகின்றன. ஒன்று இரைப்பையின் வாயை இறுக்கி, உணவு கீழே இறங்குவதை மெதுவாக்குகிறது. இன்னொன்று ஜிஎல்பி-1. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லும். இன்று உலகமே பேசும் செமாக்ளூடைடு ஊசி இந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டதுதான். ஒரு கைப்பிடிக் கடலை ஊசியின் வேலையைச் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசியின் அளவும் காலமும் வேறு. ஆனால் பாதை ஒன்றே. ரொட்டியோடு பாதாம் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது, பாதாமின் அளவு கூடக் கூட ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் படிப்படியாகக் குறைந்ததை ஜென்கின்ஸின் குழுவே 2007-இல் காட்டியது.

பருப்பு என்றதும் எல்லோரும் எழுப்பும் கேள்வி கொழுப்பு. “அவ்வளவு எண்ணெய்ச் சத்து, எடை போட்டுவிடாதா?” நியாயமான கேள்வி. 30 கிராம் வேர்க்கடலை 170 கலோரி. புத்தகக் கணக்கு அது. உடம்பின் கணக்கு வேறு என்று தெரியவந்தது பாதாமில். ஒரு பாதாம் பருப்பை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுத்தடுத்து அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையின் சுவரும் நார்ப்பொருளால் ஆனது. உள்ளே எண்ணெய்த் துளிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நம் குடலில் அந்தச் சுவரைக் கரைக்கும் நொதி கிடையாது. பல் உடைத்த அறைகளிலிருந்துதான் எண்ணெய் வெளியே வரும். பல்லுக்குத் தப்பிய துணுக்குகள் எண்ணெயைப் பூட்டிவைத்தபடியே பெருங்குடல் வரை போய்ச் சேருகின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பீட்டர் எல்லிஸின் குழு இதைத் துருவித் துருவி ஆராய்ந்தது. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் 2012-இல் தொண்டர்களின் மலத்தையும் சேகரித்து அளந்து, 28 கிராம் பாதாமிலிருந்து உடம்புக்குச் சேர்வது புத்தகம் சொல்லும் 170 கலோரி அல்ல, 129 தான் என்று கண்டது. நாலு வருடம் கழித்து அதே இடத்தில் செய்த ஆய்வில், பாதாமை விழுதாக அரைத்துக் கொடுத்தால் இந்தச் சலுகை போய்விடுகிறது என்றும் தெரிந்தது. சுவரை அம்மியோ மிக்ஸியோ உடைத்துவிட்டால் குடலுக்கு எல்லாமே கிடைத்துவிடும். பருப்பைப் பருப்பாகவே மென்று தின்ன வேண்டும்; பால் கலந்து பாதாம் பாலாகக் குடிப்பது வேறு உணவு.

இனி, இனிப்புக்குப் பதில் பருப்பு என்ற கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்த சோதனை. இதையும் செய்தவர் ஜென்கின்ஸ்தான். 2011-இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் 117 பேர், மூன்று குழுக்கள், மூன்று மாதம். முதல் குழுவுக்குத் தினமும் 75 கிராம் அளவுக்குக் கலவைப் பருப்புகள்: பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட், வேர்க்கடலை முதலியன. இரண்டாம் குழுவுக்கு அதே கலோரிக்கு முழுக்கோதுமை மஃபின் என்ற கேக் மாதிரிப் பண்டம். மூன்றாம் குழுவுக்கு இரண்டிலும் பாதிப் பாதி. மஃபின் கெட்ட பண்டம் அல்ல. நார்ச்சத்து உள்ளதாகவே செய்திருந்தார்கள். எனவே போட்டி நேர்மையாகவே நடந்தது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முழுப் பருப்புக் குழுவில் 0.21 சதவீதப் புள்ளி குறைந்தது. மஃபின் குழுவில் குறையவில்லை. பாதிப் பாதிக் குழுவிலும் குறையவில்லை. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லும் முதல் குழுவில் இறங்கியது.

0.21 பெரிய எண் அல்ல. 8 இருந்தவருக்கு 7.8 ஆகும். ஒரு மாத்திரை இதைப்போல் நாலைந்து மடங்கு இறக்கும். பருப்பு தின்றால் சர்க்கரை ஓடிப்போகும் என்று வீடியோக்களில் கூவுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. நோயாளிகளிடம் மறைக்கக் கூடாத எண் இது. ஆனால் இதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம். மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்யும். இதயத்துக்கும் கூடவே நன்மை. நீரிழிவுக்காரரின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இதயமும் ரத்தக்குழாய்களும் என்பதால் அந்தக் கூடுதல் நன்மை சின்னதல்ல.

நம் பக்கத்து உடம்புகளில் என்ன ஆகிறது? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் வி. மோகனின் குழு முந்திரியை எடுத்துக்கொண்டது. முந்திரி கொலஸ்ட்ராலை ஏற்றும் என்று சொல்லி நம் ஊரில் பல மருத்துவர்களே அதைத் தடை செய்துவந்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 300 பேர். எல்லோருக்கும் வழக்கமான நீரிழிவு உணவு. ஒரு பாதிக்கு மட்டும் தினம் 30 கிராம் முந்திரி, 12 வாரம். 2018-இல் முடிவு வந்தது. எடை கூடவில்லை. கெட்ட கொழுப்பு ஏறவில்லை. நல்ல கொழுப்பான எச்டிஎல் கொஞ்சம் ஏறியது, மேல் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது. ரத்தச் சர்க்கரை மட்டும் மாறவே இல்லை. அந்த முடிவை அப்படியே வெளியிட்டார்கள். முந்திரி மீதிருந்த பழி நீங்கியது. அதைச் சர்க்கரைக்கு மருந்து என்று சொல்லவும் இடமில்லை. டெல்லியில் அனூப் மிஸ்ராவும் சீமா குலாட்டியும் நோயின் முந்தைய நிலையில் இருந்த 60 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் அரை மணி முன்பாக 20 கிராம் பாதாம் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பாதாம் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை அளவு இயல்புக்குத் திரும்பியது. 2023-இல் வெளிவந்த ஆய்வு. சின்ன ஆய்வுதான், ஆனால் நோய் முற்றும் முன்பே பிடித்தால் திரும்பி வர வழியிருக்கிறது என்பதால் நான் இதை முக்கியமாக நினைக்கிறேன்.

இந்தத் துறையில் பல ஆய்வுகளுக்குப் பருப்பு வணிக அமைப்புகள் பணம் கொடுத்திருக்கின்றன. அதனாலேயே பொய் என்று தள்ளிவிட முடியாது. முறையாகக் குலுக்கிப் போட்டுப் பிரித்த குழுக்களில் வந்த எண்கள் அவை. ஆனால் எந்தப் பருப்புக்கு ஆய்வு அதிகம் என்பதைப் பணமே தீர்மானிக்கிறது. உலகத்துப் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கலிஃபோர்னியாவில் விளைகிறது. அதை அதிகம் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதனால் பாதாம் பற்றிய நல்ல செய்தி அடிக்கடி நம் காதில் விழுகிறது. துறையூர், முசிறிப் பக்கம் மானாவாரியில் விளையும் கடலைக்கு அப்படிப் பேச ஆளில்லை.

பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஒரு கிலோ பாதாம் வாங்கும் பணத்துக்கு நாலைந்து கிலோ வேர்க்கடலைப் பருப்பு வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டியில் பாதாம் பாக்கெட் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அது தீர்ந்ததும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் மறுபடி பிஸ்கட்டுக்குத் திரும்புகிறார்கள், ‘நட்ஸ்’ என்றால் விலை கூடினது என்று நினைத்து. தாவரவியல்படி வேர்க்கடலை அவரை, துவரைக் குடும்பம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் சத்தின் கூட்டில் அது பாதாமுக்குப் பக்கத்தில் நிற்கிறது. புரதத்தில் அதைவிடச் சற்று மேல். ஜென்கின்ஸின் கலவையிலும் அது இருந்தது.

மலைக்கோட்டை அடிவாரத்தில் பொழுது சாயும் நேரத்துக்குத் தள்ளுவண்டிக் கடலைக்காரரைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சட்டியில் மணல். அடியில் கனல். மணல் நன்றாகச் சூடேறிய பிறகுதான் கடலையைக் கொட்டுகிறார். கரண்டி ஒரு நொடிகூட நிற்பதில்லை. நின்றால் ஒரு பக்கம் கருகும். சடசடவென்று சத்தம் மாறுவதை வைத்துப் பதம் பார்க்கிறார். சல்லடையில் அள்ளி மணலை உதறிவிட்டு, காகிதப் பொட்டலத்தில் சூடாகக் கொடுக்கிறார். இதில் எண்ணெய் இல்லை, மாவு இல்லை, சர்க்கரை இல்லை. ஒரு சின்னப் பொட்டலம் ஏறக்குறைய நாம் தேடும் அதே 30 கிராம். தோலோடு உள்ள கடலையாக இருந்தால் இன்னும் நல்லது. உடைத்து, ஊதி, தின்ன நேரமாகும்; வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். பச்சைக் கடலை வரும் காலத்தில் உப்புப் போட்டு அவித்ததும் நல்லதே. பல் விழுந்தவர்களுக்கு அதுதான் வசதி.

கசந்தாலோ, சுருங்கிக் கறுத்திருந்தாலோ, பூசண வாடை அடித்தாலோ கடலையைத் துப்பிவிட வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அதுதான் அஃப்ளாடாக்சின். கல்லீரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுதாக அழியாது. மழைக்காலத்தில் ஈரக்காற்றுப் படும்படி கடலையை மூட்டையில் வைக்காமல், கொஞ்சமாக வாங்கி மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

பருப்பு எந்த வேடத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அருமையான பண்டம், ஆனால் அதில் கடலையோடு போட்டி போடுவது வெல்லம். வெல்லத்தில் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சுக்ரோஸ். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் நிறத்திலும் மணத்திலும் வேறு, ரத்தத்துக்கு வேறல்ல. பாதாம் அல்வா, முந்திரிக் கேக், பேரீச்சம்பழம் பிசைந்த ‘சர்க்கரை சேர்க்காத’ நட்ஸ் உருண்டை எல்லாமே இனிப்புத்தான். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. மசாலாக் கடலையில் கடலையைச் சுற்றி மாவும் எண்ணெயும் உப்பும். கூட ரத்த அழுத்தம் இருப்பவருக்கு அந்த உப்பு தனிக் கேடு.

ஸ்ரீரங்கத்தில் இதைப் பேசும்போது பிரசாதத்தைப் பேசாமல் போக முடியாது. ரங்கநாதருக்கு இரவில் அமுது செய்யும் அரவணை, அரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்தது. மார்கழியில் வீடுதோறும் அக்காரவடிசல். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் காவிரிக்குப் படைத்துவிட்டு எடுத்துக்கொள்ளும் காப்பரிசி. “மாமா, பெருமாள் பிரசாதம். ஒரு வாய் எடுத்துண்டா ஒண்ணும் பண்ணாது” என்று நீட்டும் கையைத் தட்டிவிட மனம் வருமா? தட்டிவிட வேண்டியதுமில்லை. பிரசாதம் உள்ளங்கையில் ஏந்தும் அளவுதான். அந்த அளவில் எடுத்து, அன்றைய சாப்பாட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக்கொண்டால் கணக்கு சரியாகும். சிக்கல் வருவது பாத்திரத்தில் வீட்டுக்கு வந்து, மூன்று நாள் குளிர்பதனப் பெட்டியில் இருந்து, நாலு மணித் தட்டில் திரும்பத் திரும்ப வரும்போது.

அதே மரபில்தான் நவராத்திரிச் சுண்டலும் இருக்கிறது. கொண்டைக்கடலை, பட்டாணி, பயறு, மொச்சை, வேர்க்கடலை: ஒன்பது நாளும் ஒன்பது வகை. கொலுவுக்கு வந்தவர்கள் கையில் நம் பாட்டிகள் கொடுத்தனுப்பியது, இன்றைய உணவு ஆலோசகர் எழுதித்தரும் சீட்டோடு அப்படியே பொருந்துகிறது. கொண்டைக்கடலையின் குறியீடு அரிசியில் பாதிகூட வராது. ஒன்பது நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. சனிக்கிழமை வேர்க்கடலை, திங்கட்கிழமை பயறுச் சுண்டல் என்று வருடம் முழுக்க வைத்துக்கொண்டால், சலிப்பும் வராது, செலவும் ஏறாது.

எதற்குப் பதில் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஜென்கின்ஸின் சோதனையில் பருப்பு ஒரு பண்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஏற்கெனவே தின்னும் எல்லாவற்றுக்கும் மேலாக வரவில்லை. இந்தியர்களின் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுப்பொருளிலிருந்து வருகிறது என்று 2025-இல் வெளியான தேசிய ஆய்வு காட்டியது. அதில் 5 சதவீதத்தைப் பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே நீரிழிவு வரும் வாய்ப்பு குறையும் என்றும் கணக்கிட்டது. முறுக்கையும் தின்றுவிட்டு மேலே பாதாமும் தின்றால் எடைதான் ஏறும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி உணவுக்கு 35 கிராம் பருப்பும் விதையும் சேர்த்திருக்கிறது. ஒரு கைப்பிடி. இரண்டாவது கைப்பிடிக்குச் சாப்பாட்டில் வேறொன்றைக் குறைத்தாக வேண்டும்.

இதெல்லாம் உங்கள் உடம்பில் எப்படி என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். விரல் குத்தும் கருவி இருந்தால் ஒருநாள் நாலு மணிக்கு வழக்கமான முறுக்கு அல்லது பிஸ்கட். தின்பதற்கு முன் ஒரு சோதனை, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இன்னொரு நாள் அதே நேரம், அதே மாத்திரை, அதே மதியச் சாப்பாடு, முறுக்குக்குப் பதில் கடலை. நாலு எண்களையும் ஒரு நோட்டில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைவிட, இந்தப் புத்தகத்தின் எண்ணைவிட, உங்கள் விரல் சொல்வது உங்களுக்கு உபயோகமானது.

சிலருக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. நீரிழிவால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குப் பருப்பிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் சேர்ந்துவிடும். அவர்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் ஒரு பிடிகூடத் தொடங்கக் கூடாது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கிட்டேயே போகக் கூடாது.

கடைசியாக ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். காலையில் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு டிபனைத் தாமதப்படுத்துகிறவர்களுக்கு இது வரும். அந்த நேரத்தில் சட்டைப்பையிலிருந்து கடலையை எடுத்துத் தின்றால் உதவாது. இத்தனை பக்கம் நாம் புகழ்ந்த அந்த மெதுவே அப்போது எதிரியாகிவிடும். கொழுப்பு இரைப்பையை நிறுத்திவைத்து, உடனே வர வேண்டிய குளுக்கோஸைத் தாமதப்படுத்தும். அப்போது வேண்டியது இனிப்புத்தான், அதிலும் கொழுப்பில்லாத இனிப்பு: மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது 15 கிராம் குளுக்கோஸ் பொடி. சர்க்கரை உறிஞ்சுவதைத் தடுக்கும் அகார்போஸ் வகை மாத்திரையும் எடுப்பவருக்குச் சீனி வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடியே வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவோடு இருப்பவர் 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே அளவு மறுபடியும். 70-ஐத் தாண்டி நிலைத்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரமிருந்தால், இரண்டு இட்லியோ ஒரு சின்னக் கிண்ணம் சுண்டலோ ஒரு கைப்பிடிக் கடலையோ எடுத்துக்கொள்ளலாம்.